முளைக்குச்சி இருந்த இடம்

வந்திருந்தவர்கள்: முதலாளி, முதலாளியம்மா, சைட் மேனேஜர் மோகனரங்கம், கோயில் குருக்கள், கன்னியப்ப மேஸ்திரி, பந்தல்காரர், எழுத்தர் ஏழுமலை. வராதவர்கள்: பிராஜக்ட் இன்ஜினியர் தேவசகாயம், மெட்ராஸில் கிரேன் கம்பெனிக்குப் போயிருக்கிறார், சர்வேயர் தாமோதரன், பள்ளிப்பட்டில் அக்கா மகள் கல்யாணம்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருட்டாலைக்குப் பூசை போட்டு முதல் கான்கிரீட் கொட்டின காலையில், சைட் புத்தகத்தில் நான் எழுதின பக்கம் இது. எழுபதுகளின் நடுவில் ஒரு முகூர்த்த நாள். எழுத்தர் ஏழுமலை நான்தான். வயது இருபத்து மூன்று. அந்தப் பக்கம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஏனென்றால் அன்றைக்கு நான் இரண்டு தப்பு செய்தேன். ஒன்று, அந்தப் பட்டியலில் ஒரு பெயரை விட்டேன். இன்னொன்று, வேறொரு தாளில் என் பெயரைப் போட்டேன்.

போன மாதம் ஒரு கம்பெனியின் பயிற்சிப் பிரிவிலிருந்து மூன்று பிள்ளைகள் மணவாள நகரில் என் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 'பிராஜக்ட் கவர்னன்ஸ்' பற்றி, அதாவது ஒரு வேலையில் யார் எதை முடிவு செய்வது என்பது பற்றி, அரை மணி நேரம் பேச வேண்டுமாம். கையில் ஒரு படம் கொடுத்தார்கள். மேலே ஒரு கட்டம், அதிலிருந்து அம்பு, கீழே நாலு கட்டம், அவற்றிலிருந்து பதினாறு அம்பு. நல்ல படம்தான். குறை சொல்லவில்லை. ஆனால் எங்கே தேடியும் முனியம்மாவுக்கு அதில் ஒரு கட்டம் இல்லை. யார் முனியம்மா என்று கேட்டார்கள். அரை மணியில் சொல்ல வரவில்லை, எழுதித் தருகிறேன் என்றேன்.

என் ஊர் பழவேற்காட்டு ஏரிக்கரை. அப்பா வலைக்காரர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பொன்னேரியில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, அறுபதுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு பாலம் காண்ட்ராக்டரிடம் ஆள் கணக்கு எழுதினேன். அங்கே சிமெண்ட் மூட்டை எண்ணவும், மழை வந்தால் தார்ப்பாய் போடவும், திட்டு வாங்கவும் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் கும்மிடிப்பூண்டி. மாதம் நூற்று எழுபத்தைந்து ரூபாய், தற்காலிகம்.

அங்கே நான் கூட்டம் எழுதுகிறவன் ஆனதற்குக் காரணம் எங்கள் ஊர்ப் பழக்கம். ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். குலுக்குமுன் வந்தவர் பெயரைச் சொல்வார்கள், வராதவர் பெயரையும் மூன்று தரம் கூப்பிடுவார்கள். அப்புறம்தான் சீட்டில் கை வைக்கலாம். பின்னால் ஒருத்தன் வந்து 'நான் இல்லாதப்போ பிரிச்சிட்டீங்களே' என்று சொல்லக் கூடாது பாருங்கள். சைட்டில் முதல் தடவை கூட்டக் குறிப்பு எழுதச் சொன்னபோது, யாரும் சொல்லாமலே 'வராதவர்கள்' என்று ஒரு வரி போட்டுவிட்டேன். தேவசகாயம் சார் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். "இனிமே நீங்கதான் எழுதறீங்க" என்றார்.

அவருக்கு அப்போது நாற்பது வயது ஆகியிருக்காது. வாட்ச்மேனுக்கும் முதலாளிக்கும் எனக்கும் ஒரே 'நீங்க'தான். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். மேஸ்திரி ஆட்கள் அந்தத் தணிந்த குரலுக்குத்தான் பயப்படுவார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தகரக் கொட்டகை ஆபீசில் கூட்டம். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "யார் வரல?" எந்தக் காரியத்தைப் பேசப் போகிறோமோ அதைச் செய்ய வேண்டியவரோ, அதனால் பாதிக்கப்படுகிறவரோ அறையில் இல்லையென்றால் அந்தப் பேச்சை எடுக்க விடமாட்டார். அவசரம் என்றால் ஜீப் போகும், ஆளைக் கூட்டிவரும். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு பெயர்தான் எழுத வேண்டும். இரண்டு பெயர் எழுதினால் அடித்துவிட்டு, யார் என்று மறுபடி கேட்பார். கடைசியில் நான் எழுதினது முழுவதையும் உரக்கப் படிக்க வேண்டும். 'நான் அப்படிச் சொல்லல' என்று யார் வேண்டுமானாலும் அந்த நேரத்தில் சொல்லலாம். கையெழுத்துப் போட்ட பிறகு சொல்ல முடியாது.

இன்னொன்று, கான்கிரீட் தாள். ஒவ்வொரு தூண் குழிக்கும் ஒரு தாள். ஆழம், கம்பி, மட்டம், தூரம் எல்லாவற்றையும் அன்றைக்கே அளந்து சர்வேயர் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் மிக்சர் சுற்றக் கூடாது.

ஆலைக் கொட்டகைக்குக் கிழக்கில் ஒரு வரிசைத் தூண், மேற்கில் ஒரு வரிசைத் தூண். நடுவில் சரியாக அறுபது அடி. மேலே தண்டவாளத்தில் கிரேன் ஓடும். அந்த அறுபது அடிக்கு மெட்ராஸில் கிரேன் செய்துகொண்டிருந்தார்கள். கிழக்கு வரிசையின் முதல் குழி ஈசானிய மூலையில் வந்தது. பூசை அங்கேதான். முந்தின நாள் சாயங்காலம் சர்வேயர் தாமோதரன் அந்த மூலையில் தூண் வர வேண்டிய இடத்தைக் காட்ட முளைக்குச்சி அடித்து, எதிர் வரிசைக்கு நட்டிருந்த அளவுக் கல்லிலிருந்து டேப் பிடித்து, அறுபது அடி என்று என் கண் முன்னால் அளந்துவிட்டுத்தான் பள்ளிப்பட்டு பஸ் ஏறினார். நல்ல முகூர்த்தம் என்றால் ஆலைக்கும் அதுதான், அவர் அக்கா மகளுக்கும் அதுதான்.

காலையில் தோரணம், மேளம், நாலு மூலைக்கும் வாழைமரம். குச்சியைச் சுற்றிக் குழி வெட்டியாயிற்று. குருக்கள் செப்புக் கலசத்தில் நவதானியமும் காசும் போட்டு அடியில் இறக்கினார். முதலாளி முதல் சட்டிக் கலவையைக் கையில் ஏந்தி நிற்கிறார். தாளில் சர்வேயர் கையெழுத்து இல்லை. நான் தயங்கினதை மோகனரங்கம் பார்த்துவிட்டார். அவர் முதலாளியம்மாவின் தம்பி. கெட்டவர் இல்லை; எதையும் உடனே முடித்துவிட வேண்டும் அவருக்கு.

"நேத்து சாயங்காலம்தானே அளந்தாரு, ராத்திரில பூமி நகந்துடுமா? சர்வேயருக்காகன்னு போட்டு உன் பேர எழுதுப்பா. நேரம் போய்க்கினே இருக்குது."

எழுதினேன். 'சர்வேயருக்காக, ஏழுமலை.' அவர் என் தோளைத் தட்டினார். அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்பா கைநாட்டு வைக்கிறவர். அவர் மகன் கையெழுத்தின் மேல் ஒரு ஆலை எழும்புகிறது என்று நினைத்துக்கொண்டேன். மேளம் கொட்டியது, மிக்சர் சுற்றியது.

மறுநாள் தேவசகாயம் சார் தாளைப் பார்த்து முகம் சுளித்தார். தாமோதரன் திரும்பி வந்ததும் கேட்டார். அளந்தேன் சார், அறுபது சரியாக இருந்தது என்று அவர் சத்தியமாகச் சொன்னார். உண்மைதானே. சார் தாளைக் கோப்பில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கிழக்கு வரிசையின் மற்றக் குழிகளுக்கெல்லாம் அந்தப் பூசை மூலையிலிருந்துதான் அளவு. நாலு வாரத்தில் அதையும் சேர்த்து ஆறு குழி கான்கிரீட் ஆகிவிட்டது. இரண்டு வரிசைக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு வெட்டின மண். டேப்பைக் குறுக்கே பிடிக்க யாருக்கும் வேலை வரவில்லை. பூசை போட்ட இடத்தை மறுபடி அளக்க யாருக்குத் தோன்றும்?

அப்புறம் அந்த அளவுக் கல்லை வைத்து மேற்கு வரிசைக்கு முளை அடிக்க ஆரம்பித்தார்கள். சித்தாள் முனியம்மா கலவைச் சட்டியை இறக்கி வைக்க இடம் தேடி, ஒரு குச்சியைக் காலால் தள்ளினாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். காலையில் எல்லோருக்கும் முன்னால் சைட்டுக்கு வந்து தண்ணீர் தெளிப்பது அவள் வேலை. அவள் வாய்க்குப் பயந்து மேஸ்திரியே சுற்றிக்கொண்டு போவார். அது தெரிந்தும் நான் கத்தினேன், குச்சியைத் தொடாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது என்று.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா நைனா, நாங்க தொட்டா தப்பு, பந்தல்காரன் புடுங்கிப் போட்டா பூசையா?"

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் குச்சி என்று கேட்டேன்.

"அன்னிக்கு வாழமரம் நட்டான் பாரு, அந்த மூலைல தரை கல்லாட்டம் இருந்துச்சு, கடப்பாறை எறங்கல. ஒங்க குச்சி அடிச்ச எடம் மட்டும் பொதபொதன்னு இருந்துச்சி. அத்த புடுங்கிட்டு அந்தக் குழியிலயே மரத்த நட்டான். குச்சிய இந்தாண்ட சொருகிட்டுப் போய்க்கினே இருந்தான். நான் தண்ணி தெளிச்சிக்கினு பாத்தேனே."

"ஏன் அப்பவே சொல்லல?"

"யாரு கேட்டாங்க?"

பட்டியலில் நான் விட்ட பெயர் அதுதான். பந்தல்காரரைக்கூட எழுதியிருந்தேன். குருக்கள் வருமுன்னே வந்து, நடந்தது எல்லாவற்றையும் பார்த்த ஒரே ஆளை எழுதவில்லை.

டேப்பின் நுனியை முனியம்மா கையில் கொடுத்து மண்மேட்டில் ஏற்றினேன். அந்தப் பக்கம் கிழக்கு முதல் தூணின் அடித்தளம், இந்தப் பக்கம் மேற்கு முதல் முளை. ஐம்பத்தெட்டு அடி பத்து அங்குலம். இழுத்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி அளந்தேன். மூன்றாம் தடவையும் அதுவேதான். பதினாலு அங்குலம் குறைவு. ஆறு தூணின் அடித்தளமும் பதினாலு அங்குலம் உள்ளே வந்து நிற்கின்றன. கிரேன் வந்தால் மேலே உட்காராது.

"இன்னா நைனா, பேஜாரா?" என்றாள். டேப்பைச் சுருட்டினேன்.

டேப்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் கிரேன் வரும் வரைக்கும், இன்னும் இரண்டு மாதம், யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் முதலில் மாட்டுவது தாமோதரன்தான். அவருக்காக என்றுதானே போட்டிருக்கிறது. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். எனக்கு இந்தச் சம்பளம். ஏரியில் வலை போட முடியாத மழை நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது இதில்தான். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் பாடு குலுக்குமுன் மூன்று தரம் பெயர் கூப்பிடும் அந்தக் குரல் காதில் வந்தது. என் பெயரைக் கூப்பிடும்போது நான் அங்கே இல்லாமல் போகக் கூடாது என்று தோன்றியது. எழுந்தேன்.

தேவசகாயம் சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கிளாசைக் கீழே வைத்தார். அளக்கும்போது கூட யார் இருந்தது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் குரல் தணிந்தது.

"கிழக்கு வரிசைல வேலை நிறுத்தம்னு எழுதுங்க. என் பேர் போடுங்க. நிறுத்தறதுக்குத்தான் எனக்கு அதிகாரம். உடைக்கிறதா வேணாமான்னு முதலாளிதான் சொல்லணும். நாளைக்குக் காலைல கூட்டம்."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் கொட்டகைக்குள் முதலாளி, மோகனரங்கம், தாமோதரன், கன்னியப்ப மேஸ்திரி, சார், நான். கடிகாரம் கவிழ்ந்தது. யார் வரவில்லை என்று சார் கேட்டார். குருக்கள், முனியம்மா என்றேன்.

மோகனரங்கம் சிரித்தார். "குருக்கள் இன்னா கான்கிரீட் இன்ஜினியரா?"

பூசை போட்டதை உடைக்கலாமா என்று பேசப் போகிறோம், பூசை பண்ணினவர் இல்லாமல் எப்படி என்றார் சார். ஜீப் புறப்பட்டது. முனியம்மாவை நானே போய்க் கூப்பிட்டேன். உள்ளே வந்தவள் நாற்காலியைப் பார்த்துவிட்டு, மண் ஒட்டிக்கொள்ளும் என்று சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தாள். பெயர் எழுதியாயிற்றா என்று சார் கேட்டார். எழுதினேன். வந்திருந்தவர்கள் வரிசையில் ஆறு பெயருக்கு அடுத்தாற்போல், 'முனியம்மா, சித்தாள்'.

அவள் பார்த்ததைச் சொன்னாள். பிறகு நான் பூசை நாளின் தாளை எடுத்து என் கையெழுத்தை நானே உரக்கப் படித்தேன். தாமோதரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, மூச்சு விட்டதுதான் தெரிந்தது.

"அப்ப ஆளு மாட்டிக்கினான்ல. இவனை ஊட்டுக்கு அனுப்பிட்டு வேலையப் பாப்போம்" என்றார் மோகனரங்கம்.

சார் தாளை வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டார். "ஏழுமலை கையெழுத்துப் போட்டார். போடச் சொன்னவர் பேர் தாள்ல இல்ல. அடுத்த நாள் இதைப் பார்த்துட்டு மறுபடி அளக்கச் சொல்லாம கோப்பில வச்சவர் பேரும் இல்ல. அது நான். என் பேரை இன்னிக்கு எழுதிக்குங்க."

எழுதினேன். முதலாளி பழைய இரும்புக் கடையிலிருந்து மேலே வந்தவர், அதிகம் பேசமாட்டார். என் பேனாவைப் பார்த்தார், பிறகு மைத்துனரைப் பார்த்தார்.

"நான்தான் போடச் சொன்னேன் மாமா" என்றார் மோகனரங்கம். அதையும் எழுதினேன்.

அப்புறம்தான் உண்மையான சண்டை. மோகனரங்கத்திடம் ஒரு வழி இருந்தது. கேட்க நன்றாகவும் இருந்தது. கிழக்கு வரிசையைத் தொட வேண்டாம். மேற்கு வரிசையில் இன்னும் கான்கிரீட் போடவில்லையே, அதைப் பதினாலு அங்குலம் வெளியே தள்ளிவிடலாம். அறுபது அடி சரியாகிவிடும், பூசையும் கெடாது, செலவும் இல்லை. மேஸ்திரி வேகமாகத் தலையாட்டினார். முதலாளி முகத்தில்கூட ஒரு தெளிவு வந்தது.

ஆனால் மேற்கு வரிசைக்கு வெளியே ஆலைக்கான ரயில் பாதை வருகிறது. வேகனுக்கும் தூணுக்கும் நடுவில் இரண்டரை அடி விட வேண்டும் என்று ரயில்வே கையெழுத்துப் போட்ட வரைபடம் கோப்பில் இருக்கிறது. சார் அதைச் சொன்னார்.

"பதினாலு அங்குலத்த எவன் சார் வந்து டேப் வச்சிப் பாக்கப் போறான்?"

சார் எழுந்தார். பீரோவைக் கொட்டகையின் சுண்ணாம்படித்த செங்கல் சுவரிலிருந்து நகர்த்தச் சொன்னார். நானும் மேஸ்திரியும் தள்ளினோம். இரண்டரை அடியில் பதினாலு அங்குலம் போனால் மிச்சம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளி அளந்து விடச் சொன்னார். ஒரு அடி நாலு அங்குலம். அந்தச் சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்தார். கையில் கொடி பிடிக்கிற மாதிரி ஒரு கையைத் தூக்கி, இன்னொரு கையால் பீரோ கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக் காட்டினார். முதுகு சுவரில் உரசி சுண்ணாம்பு கொட்டியது. முழங்கையை மடக்க இடமில்லை.

"வேகன் நகரும்போது ரயில்வே ஆள் இப்படித்தான் தொத்திக்கிட்டு வருவார். அவர் இந்த ரூம்ல இல்ல. அவர் இல்லாதப்போ அவர் இடத்துலேருந்து பதினாலு அங்குலம் எடுக்க நமக்கு யாரும் அதிகாரம் கொடுக்கல."

வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொள்ளாமலே உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையில் சுண்ணாம்பு தெரியவில்லை, காக்கி பேண்டில் தெரிந்தது. அதைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மூட்டை மேலிருந்து முனியம்மா, "யாரு பெத்த புள்ளையோ" என்று மெதுவாகச் சொன்னாள்.

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி. பூசைக்கு இன்னா பண்றது?"

சொல்லி வைத்தாற்போல் ஜீப் வந்தது. குருக்கள் கோயில் வேலையைப் பாதியில் விட்டு வந்தவர், வேர்வையோடு நின்றார். சார் அவருக்கு நாற்காலி போட்டு, நடந்ததை ஆரம்பத்திலிருந்து, ஒன்றும் விடாமல் சொன்னார். உடைக்கச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. உடைத்தால் என்ன, உடைக்காவிட்டால் என்ன என்பதை மட்டும் சொன்னார். குருக்கள் கடைசி வரைக்கும் கேட்டார்.

"நான் பூமிக்குப் பூசை பண்ணேன். கான்கிரீட்டுக்கு பண்ணல. எடம் நீங்க காட்டினது. தப்பான எடத்தைக் காட்டிட்டு அதையே கட்டிக்கினு அழுவணும்னு எந்த சாஸ்திரத்துல இருக்கு? கலசத்த பத்திரமா எடுத்துக் கொடுங்க, சரியான எடத்துல வச்சித் தரேன்." கொஞ்சம் நிறுத்தி, "இந்தத் தபா வாழமரத்த நானே நடறேன்" என்றார்.

தகரக் கொட்டகையே சிரித்தது. மோகனரங்கமும் சிரித்தார். நான் எழுதினேன்: 'கிழக்கு வரிசை ஆறு அடித்தளமும் உடைத்து, சரியான இடத்தில் மறுபடி போடுவது. முடிவெடுத்தவர்: முதலாளி.' உரக்கப் படித்தேன். 'நான் அப்படிச் சொல்லல' என்று யாரும் சொல்லவில்லை. முதலாளி கையெழுத்துப் போட்டார். எல்லோரும் போட்டார்கள். முனியம்மா பெருவிரல் வைத்தாள்.

அன்றைக்கே மூலைக்குப் போனோம். மேஸ்திரியின் ஆட்கள் ஆறு பேர் கடப்பாறையோடு நிற்கிறார்கள், ஒருவரும் ஓங்கவில்லை. சாமி வைத்த இடம், முதல் அடி என் கையால் வேண்டாம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கையெழுத்து எல்லாம் ஆன பிறகும் காரியம் நின்றது. சார் முதலாளியைப் பார்த்ததோடு சரி.

முதலாளி செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கடப்பாறையை வாங்கினார். "மொத சட்டி நான்தானே போட்டேன்" என்றார். ஓங்கி ஒரு அடி. பழைய இரும்புக்கடைக் கை, பிடி தவறவில்லை. இரண்டாம் அடிக்கு மேஸ்திரியும் சேர்ந்தார். பிறகு நான் நிறுத்தச் சொன்னால்கூட நின்றிருக்கமாட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் செப்புக் கலசம் வெளியே வந்தது. நசுங்கவில்லை. அந்த மூலைக் குழியைக் கிழக்கே அகலப்படுத்தி வெட்டும்போது, கறுத்து அழுகின வாழைத் தண்டின் அடிக்கட்டை மண்ணில் நின்றது. அதைப் பிடுங்கினால் அடியில் பொதபொதவென்று ஒரு துளை, எங்கள் முளைக்குச்சி கனத்துக்கு. தாமோதரன் மண்டியிட்டு அந்தத் துளையில் குச்சியை இறக்கினார். உறையில் கத்தி மாதிரி இறங்கியது. எதிர் வரிசையிலிருந்து டேப் பிடித்தோம். அறுபது அடி. மோகனரங்கம் குனிந்து பார்த்தார், டேப்பைத் தானே ஒரு தரம் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு முனியம்மாவிடம் போய், "அம்மா, நீதான் சர்வேயரு" என்றார். அவள் சம்பளம் ஏறுமா என்று கேட்டாள். ஏறியது, நாள் கூலியில் நாலணா.

அந்த வாரம் மூன்று மெமோ வந்தன. ஒன்று எனக்கு, ஒன்று மோகனரங்கத்துக்கு, ஒன்று தேவசகாயம் சார் தனக்கே எழுதிக்கொண்டு முதலாளியிடம் கையெழுத்து வாங்கினது. மூன்றிலும் ஒரே வாசகம், பெயர் மட்டும் வேறு. மூன்றையும் டைப் அடித்தவன் நான். கான்கிரீட் தாளில் 'சர்வேயருக்காக' என்று யாரும் போட முடியாதபடி ஒரு வரி ஏறியது. அளந்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், அவர் வரவில்லையென்றால் கான்கிரீட்டும் இல்லை, முகூர்த்தமானாலும் சரி. இன்னொரு வரியும் சேர்ந்தது: 'கடைசியாக அளந்த பிறகு இந்த இடத்தில் வேலை செய்தவர்கள் யார்? அவர்களைக் கேட்டாயிற்றா?' அது என் வரி. கூலி ஆளானாலும் பெயர் எழுத வேண்டும். கூரை ஏறும் வரைக்கும் தினம் காலையில் முதல் வேலையாகக் குறுக்கே டேப் பிடிப்பது எனக்குத் தண்டனை. மறுமுனையைப் பிடிக்க முனியம்மா வந்தாள். தண்டனை மாதிரி எனக்குத் தோன்றவே இல்லை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் கிரேன் வந்தது. லாரிகளில் துண்டு துண்டாக வந்து, மேலே ஏறிக் கூடியது. மெட்ராஸ் ஃபிட்டர் இரண்டு பக்கமும் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், ஒரு நூல் இழைகூட உரசாமல், ரயில் போகிற மாதிரி சத்தத்தோடு போய்த் திரும்பி வந்தது. கீழே இருநூறு பேர் கை தட்டினார்கள். என் அப்பா பழவேற்காட்டிலிருந்து வந்து கூட்டத்தில் நின்றார். இது இவன் அளந்ததா என்று மேஸ்திரியைக் கேட்டிருக்கிறார். ஆமாம், இவனும் முனியம்மாவும் என்று மேஸ்திரி சொன்னாராம்.

அன்றைக்கும் புத்தகத்தில் வந்திருந்தவர்கள் பெயர் எழுதினேன். முனியம்மா வந்து தன் பெயர் எங்கே என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன். எத்தனை எழுத்து என்றாள். ஐந்து என்றேன். "அவ்ளோதானா?" என்றாள். அன்றைக்கு 'வராதவர்கள்' என்ற வரிக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. என் வேலைக் காலத்தில் அந்த வரி காலியாக இருந்த முதல் நாள் அதுதான்.

அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் பதினொரு ஆலை கட்டியிருக்கிறேன். கடைசி நாலுக்கு நானே பொறுப்பு. எல்லாவற்றிலும் அதே கூட்டம், அதே கேள்வி. கடிகாரத்தை மட்டும் நான் கவிழ்த்து வைப்பதில்லை. அது அவர் பழக்கம். பயிற்சிப் பிரிவுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். உங்கள் படத்தில் இருக்கிற கட்டங்கள் எல்லாம் சரி. கூட்டத்துக்கு முன்னால் யார் வரவில்லை என்று கேளுங்கள், வராதவருக்காக யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒன்று பாக்கி. உடைத்துக் கட்டின செலவை இதரச் செலவில் தள்ளிவிடலாம் என்று அலுவலகத்தில் சிலர் சொன்னபோது, வேண்டாம், தனியாக எழுது என்று சொன்னவர் மோகனரங்கம்தான். சார் சொல்லுமுன் அவரே சொன்னார். தலைப்பும் அவரே கொடுத்தார்: 'முளைக்குச்சி நகர்ந்த வகையில்.' சிமெண்ட், கம்பி, ஜல்லி, உடைத்த கூலி, போட்ட கூலி, ஜீப்புக்கு பெட்ரோல், இரண்டாம் பூசைக்குத் தட்சிணை, குருக்கள் தன் கையால் நட்ட வாழைமரம் ஒன்றுக்கு மூன்று ரூபாய். எல்லாம் சேர்த்து, அன்றைய என் சம்பளத்தில் நாலு வருஷம். எட்டாயிரத்து நானூற்றுப் பதினேழு ரூபாய் ஐம்பது காசு.